2,30,000 கிலோமீட்டர் ஓடிய காரை நம்பி நெடுந்தூரம் போகலாமா?

உங்கள் கார் 14 ஆண்டுகளில் 2,30,000 கி.மீ. ஓடியிருக்கிறது, பெட்ரோல் எஞ்சின், இதுவரை நடுவழியில் நின்றதில்லை. ஆனாலும் சுற்றியிருப்பவர்கள் “விற்றுவிடு” என்கிறார்கள். இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தேன். அடுத்த மாதம் வயதான பெற்றோரையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு 600 கி.மீ. போகவேண்டும் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது. ஆயுளை விட, அது உங்களை வழியில் கைவிடுமா என்பதுதான் உங்கள் கவலை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டறையில் நிற்பவன் என்ற முறையில் அதற்கே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த 2,30,000 என்ற எண்ணைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். பழைய கார்கள் பலவற்றின் ஓடோமீட்டரில் ஐந்து இலக்கங்கள்தான் இருந்தன. 99,999-ஐத் தாண்டினால் மறுபடி சுழியத்துக்கு வந்துவிடும். ஒரு லட்சம் என்றாலே கார் முடிந்தது என்ற எண்ணம் அந்தக் காலத்தின் மிச்சம். இன்றைய எஞ்சின்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அதைவிட முக்கியம், எஞ்சின் தேய்வது கிலோமீட்டரால் மட்டும் இல்லை. சராசரியாக மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடிய கார் 2,30,000 கி.மீ. முடிக்க ஏறத்தாழ 3,800 மணி நேரம் ஆகும். நெரிசலில் சராசரி 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்த காருக்கு அதே தூரத்துக்கு 11,500 மணி நேரம். ஓடோமீட்டர் இரண்டையும் ஒன்றாகவே காட்டும். இரண்டாவது எஞ்சினோ மூன்று மடங்கு நேரம் உழைத்திருக்கிறது. அதிலும் காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, மூன்று கி.மீ. போய், அணைத்து, மாலையில் அதையே செய்யும் கார்தான் பாவம். ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் பயணம் முடிந்துவிடும், உள்ளே சேரும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியே இருக்காது.

அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்ற ஆசிரியர் 1966-இல் வாங்கிய வால்வோ 1800எஸ் காரிலேயே 2013-இல் 30 லட்சம் மைலைத் தாண்டினார். கிலோமீட்டரில் அது 48 லட்சம். அவர் பணிக்கு நாள்தோறும் நெடுந்தூரம் ஓட்டிப் போனவர், கையேட்டில் சொன்ன பராமரிப்பைத் தவறாமல் செய்தவர். இடையில் எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்தும் இருக்கிறார். கிரேக்க நாட்டு டாக்ஸி ஓட்டுநர் ஒருவரின் 1976-ஆம் ஆண்டு மெர்சிடஸ் 240டி கார் 46 லட்சம் கி.மீ. ஓடி, 2004-இல் அந்த நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குப் போனது. அவர் எஞ்சின்களை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டியவர். உங்கள் காரும் அப்படி ஓடும் என்று சொல்ல இவற்றை எடுக்கவில்லை. இரண்டிலும் தேய்ந்த பாகங்கள் போய்ப் புதியவை வந்துகொண்டே இருந்தன. நீண்ட நாள் ஓடும் கார் என்றால் அதுதான். பாதி பாகங்கள் பழையவை, பாதி புதியவை, எது எந்த வயதில் இருக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியும்.

இத்தனை ஆண்டு வேலையில் எனக்கு உறைத்த ஒன்றைச் சொல்கிறேன். காரில் வரும் கோளாறுகளில் சொல்லிவிட்டு வருபவை உண்டு, சொல்லாமல் வருபவை உண்டு. சொல்லிவிட்டு வருபவற்றுக்காக முன்கூட்டிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். சத்தம் வரட்டும், கசிவு தெரியட்டும், அப்போது பார்க்கலாம். சொல்லாமல் வருபவற்றை மட்டும் நல்ல நிலையில் இருப்பதாகத் தோன்றினாலும் நாள் கணக்கு வைத்து மாற்றிவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சஸ்பென்ஷனில் கடகடக்கும் ரப்பர் புஷ்ஷுக்காக மூன்று முறை பட்டறைக்கு வருவார்கள். வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் பிசகாமல் இயக்கும், சத்தமே போடாத டைமிங் பெல்ட்டை மறந்துவிடுவார்கள்.

டைமிங் பெல்ட்டிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் எஞ்சினில் இருப்பது பெல்ட்டா செயினா என்று நீங்கள் எழுதவில்லை. கையேட்டில் இருக்கும், இன்றே பாருங்கள். பெல்ட் என்றால் பெரும்பாலும் 1,00,000 முதல் 1,60,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்லியிருப்பார்கள், அதோடு ஆண்டுக் கணக்கும் கொடுத்திருப்பார்கள். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. ரப்பர் ஓடாமல் நின்றாலும் முதுமை அடையும். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு திறந்தபடி நிற்கும், இரண்டும் மோதிக்கொள்ளும். ஒரு பெல்ட்டின் விலையில் முடியவேண்டியது எஞ்சினின் மேல்பாகம் முழுவதையும் பிரிப்பதில் போய் முடியும். ஒருமுறை இழுத்துவரப்பட்ட காரில் பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். முதுகுப் பக்கம் ஒரு வெடிப்புகூட இல்லை, விரலால் தடவினால் புதிது போல இருந்தது. திருப்பினால் உள்பக்கத்தில் ஐந்தாறு பற்கள் வழித்தெடுத்தது போல இல்லை. அன்றிலிருந்து “பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது” என்ற சொல்லை பெல்ட் விஷயத்தில் நான் ஏற்பதில்லை. மாற்றும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், அந்தப் பெல்ட்டாலேயே சுழலும் வாட்டர் பம்ப்பாக இருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். கூலி பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்வதற்குத்தான், இரண்டு முறை கொடுக்க வேண்டாம். செயின் என்றால் கதை வேறு. அது நீளத் தொடங்கினால் காலையில் கிளப்பியவுடன் இரண்டு மூன்று நொடி கரகரக்கும். அதாவது சொல்லிவிட்டு வரும். ஆனால் ஆயிலை நேரத்துக்கு மாற்றாத எஞ்சினில் செயினும் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

அடுத்தது குளிரூட்டும் அமைப்பு. வயதான கார்களைக் கொல்வதில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். எஞ்சின் தேய்ந்து செத்த கார்களை விட, சூடேறி, எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வளைந்து செத்த கார்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். பல கார்களில் ரேடியேட்டரின் இரு பக்கத் தொட்டிகளும் பிளாஸ்டிக். ஆயிரக்கணக்கான முறை சூடாகி ஆறிய பிளாஸ்டிக் நிறம் மாறி, பழுத்து, மொறுமொறுப்பாகிவிடும். வேறு ஏதோ வேலைக்காக வந்த ஒரு காரில் மேல் ஹோஸைக் கழற்ற கிளிப்பைத் தளர்த்தி லேசாகத் திருகினேன். ஹோஸோடு சேர்ந்து ரேடியேட்டரின் கழுத்தும் பிஸ்கட் உடைவது போல உடைந்து கையில் வந்துவிட்டது. அந்தக் கார்க்காரர் முந்தின நாள்தான் குடும்பத்தோடு மலையிறங்கி வந்திருந்தார். அது பட்டறையில் உடைந்தது அவருடைய நல்ல காலம். 14 ஆண்டு ஆன ரேடியேட்டரும் ஹோஸ்களும் தெர்மோஸ்டாட்டும் இன்னும் முதல் பாகங்களாகவே இருந்தால், பயணத்துக்கு முன் நான் மாற்றிவிடுவேன். ரேடியேட்டர் மூடியையும் மறக்காதீர்கள். தண்ணீரும் கூலன்ட்டும் சரிபாதி கலந்த கலவை திறந்த பாத்திரத்தில் ஏறக்குறைய 107 டிகிரியில் கொதிக்கும். மூடி அழுத்தத்தைத் தாங்குவதால்தான் அது 125 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கும்.

வெப்ப முள்ளையும் முழுக்க நம்ப வேண்டாம். பல கார்களில் சிறு ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் ஓட்டுநர் பதறக்கூடாது என்று முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அது நகரத் தொடங்கும்போது ஏற்கெனவே தாமதமாகியிருக்கும். கூலன்ட் மொத்தமாகக் கொட்டிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், முள் இறங்கக்கூடச் செய்யும். ஹீட்டரைப் போட்டுச் சூடான காற்று வராமல் குளிர்ந்த காற்று வந்தால் கூலன்ட் குறைந்திருக்கிறதா என்று உடனே சந்தேகப்படுங்கள். முள் ஏறினால் வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். அடுத்த ஊர் இன்னும் ஐந்து கி.மீ.தான் என்று ஓட்டினால் அந்த ஐந்து கி.மீ.யிலேயே ஹெட் வளைந்துவிடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, முகம் வெந்துவிடும். வெளியே எங்கும் கசிவு இல்லாமல் கூலன்ட் மட்டும் மாதாமாதம் குறைந்தால் ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போலப் படிந்திருப்பதை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். குறுந்தூரமே ஓடும் கார்களில் வெறும் ஈரத்தாலும் அப்படிப் படியும். நெடுந்தூரம் ஒருமுறை ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

சொல்லாமல் வருவதில் மூன்றாவது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தர வகை ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்தபின் 155 டிகிரி வரை இறங்கலாம். சமதரையில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆள் நிறைந்த காரில் நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடி வரும்போது ஆயில் கொதித்துக் குமிழி விடும், பெடல் தரை வரை போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சக்கரத்தருகே இருக்கும் ரப்பர் பிரேக் ஹோஸ்களை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். நான்காவது டயர். அதன் பக்கச் சுவரில் ஓவல் வடிவத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஆறு ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் நன்றாகச் சோதிக்க வேண்டும், பத்தைத் தாண்டினால் தரையில் படும் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். ஸ்டெப்னியும் இதில் சேர்த்திதான்.

மற்றவை பெரும்பாலும் சொல்லிவிட்டு வருபவை. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி ஓட்டும்போது டக்டக் என்றால் ஆக்சில் ஜாயின்ட். மேடு பள்ளத்தில் கொட்டினால் புஷ் அல்லது பால் ஜாயின்ட். வேகம் ஏற ஏற முழக்கம் ஏறினால் வீல் பேரிங். இவற்றில் பால் ஜாயின்ட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அது கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். பேட்டரி பல மணி நேரம் ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட்டும் காட்டினால் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் ஓரளவு நலம் என்று கொள்ளலாம். இதற்கு மல்டிமீட்டர் ஒன்று போதும், பட்டறை தேவையில்லை.

எஞ்சின் ஆயில் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். இந்த வயதில் எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் குடிப்பது வழக்கம்தான். 2,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் குறைகிறது, அந்த அளவு கூடாமல் நிற்கிறது என்றால் அந்தக் காரோடு பல ஆண்டு வாழலாம். அது குடிக்கிறது என்று தெரியாமல் ஓட்டுவதில்தான் ஆபத்து. டாஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு பெரும்பாலான கார்களில் அளவைச் சொல்வதில்லை, அழுத்தம் போய்விட்டதைச் சொல்கிறது. அது எரியும்போது உள்ளே உலோகமும் உலோகமும் உரசத் தொடங்கியிருக்கலாம். ஆகவே வாரம் ஒருமுறை, சமதளத்தில், எஞ்சின் ஆறியபின் டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். அந்த ஒரு நிமிடத்துக்கு இணையான பராமரிப்பு வேறு இல்லை. காலையில் கிளப்பும்போது மட்டும் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல், அவசரமில்லை. வேகம் எடுக்கும்போதெல்லாம் நீலப்புகை தொடர்ந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனை செய்தால் நிலவரம் தெரியும். எல்லா சிலிண்டரும் கொஞ்சம் குறைந்து ஒரே அளவில் இருந்தால் கவலை குறைவு. ஒன்று மட்டும் தனியாக விழுந்திருந்தால்தான் உள்ளே ஏதோ இருக்கிறது.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி சொல்வதில் எங்கள் தொழிலுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. உங்களுடையது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால், இத்தனை கி.மீ. ஆயில் மாற்றாமல் ஓடியதை இப்போது மாற்றலாமா என்று கேட்பீர்கள். மாற்றியபின் கெட்டுப்போன பெட்டிகளும் உண்டு, மாற்றியதால் நிம்மதியாக ஓடியவையும் உண்டு. கெட்டவை ஏற்கெனவே வழுக்கத் தொடங்கியிருந்தவை, அதனால்தான் ஆயில் மாற்றவே கொண்டுவந்தார்கள் என்பது என் எண்ணம். ஆனால் அதை நான் நிரூபித்துக் காட்ட முடியாது. நான் செய்வது, இயந்திரம் வைத்து முழுதாக அலசாமல், கீழ் நட்டைக் கழற்றித் தானாக வடிவதை மட்டும் வடித்து, கையேட்டில் சொன்ன அதே ரக ஆயிலை அதே அளவு ஊற்றி, சில ஆயிரம் கி.மீ. கழித்து மறுபடி அதையே செய்வது. கியர் விழும்போது ஏற்கெனவே உதைக்கிறது, வழுக்குகிறது என்றால் எந்த உறுதியும் தராமல்தான் கை வைப்பேன்.

வயதான எஞ்சினுக்குக் கெட்டியான ஆயில் ஊற்றலாமா என்பதும் அப்படித்தான். கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் ஒரு படி கெட்டியானதுக்குப் போவதில் தவறில்லை, சில எஞ்சின்களில் குடிப்பது குறையவும் செய்கிறது. வரம்பைத் தாண்டினால் குளிரில் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். அதிகம் ஓடிய எஞ்சினுக்கென்று விற்கும் ஆயில்களில் சீல்களை மென்மையாக்கும் பொருள் சேர்க்கிறார்கள். ஈரக்கசிவு அளவில் இருந்தால் பலன் தெரிந்திருக்கிறது, சொட்டும் கசிவை அது நிறுத்தி நான் பார்த்ததில்லை. ஊற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்கும் புட்டிகளைக் குடும்பத்தோடு போகும் பயணத்துக்கு நம்பவே நம்பாதீர்கள். ரேடியேட்டர் கசிவை அடைக்கும் புட்டி சமயத்தில் ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும்.

எனக்கும் எல்லைகள் உண்டு. எஞ்சின் சுழற்சியை அறியும் கிராங்க் சென்சார், பெட்ரோல் பம்ப் போன்றவை நேற்றுவரை நன்றாக இருந்து இன்று நின்றுவிடும். அவை புதுக் காரிலும் நிற்கும். அவற்றை எல்லாம் முன்கூட்டி மாற்றிக்கொண்டே போவது நியாயமில்லை, தரம் குறைந்த புதுப் பாகத்தை விட இதுவரை ஓடிய பழைய பாகமே மேல். ஹைபிரிட் கார்களின் பெரிய பேட்டரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லும் அளவுக்கு அந்த வேலையை நான் செய்ததில்லை. உங்கள் காரை நேரில் பார்க்காமல், லிப்டில் தூக்கி அடியைப் பார்க்காமல், “தைரியமாகப் போங்கள்” என்று எழுதவும் எனக்கு உரிமையில்லை.

விற்பதா வைத்துக்கொள்வதா என்பதில் ஒரு கணக்கைத் திருத்த விரும்புகிறேன். “ரிப்பேர்ச் செலவு காரின் விலையை விட அதிகம், ஆகவே விற்றுவிடு” என்பார்கள். அந்தக் காரை விற்றால் என்ன கிடைக்கும் என்பது இங்கே சரியான அளவுகோல் இல்லை. அந்த ரிப்பேரைச் செய்தால் எத்தனை ஆண்டு ஓடும், அத்தனை ஆண்டு வேறொரு கார் வைத்திருக்க எவ்வளவு ஆகும் என்று ஒப்பிடுங்கள். பெரும்பாலும் பழைய கார்தான் ஜெயிக்கும். ஆனால் மூன்று நிலைகளில் நானே விற்கச் சொல்வேன். அடிச்சட்டத்தில், சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களில், துரு தின்று திருப்புளி உள்ளே இறங்கும் நிலை வந்துவிட்டால். பாதுகாப்புக்கான பாகங்கள் கிடைக்காமல் போய்விட்டால். ஒரே ஆண்டில் வெவ்வேறு காரணங்களுக்காக நாலைந்து முறை வழியில் நின்று, நீங்களே அதை நம்ப முடியாத நிலைக்கு வந்துவிட்டால். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பழைய காரைப் பழுதில்லாமல் வைத்திருக்க முடியும், ஆனால் கட்டும்போது அதில் இல்லாத ஏர்பேக்கையும், வழுக்கும்போது வண்டியை நிலைப்படுத்தும் மின்னணு அமைப்பையும் எந்தப் பராமரிப்பாலும் கொண்டுவர முடியாது. குழந்தையை ஏற்றிப் போகிறவர் என்பதால் இதையும் எடைபோட்டுப் பாருங்கள். அது உங்கள் முடிவு, மெக்கானிக்கின் முடிவு அல்ல.

இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் காரில் வையுங்கள். என்ன மாற்றினீர்கள், எத்தனையாவது கி.மீ., எந்த நாள், அவ்வளவுதான். என்னிடம் வரும் ஒரு பெரியவர் பென்சிலால் எழுதிய நோட்டோடு வருவார். எந்த ஆயில் வடிகட்டி எப்போது போட்டது என்று அதில் இருக்கும். அவருடைய காரில் கோளாறு கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம் போதும். வரலாறு தெரியாத காரில் அரை நாள் போய்விடும், அந்த அரை நாளுக்கும் கூலி நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே வேலைகளைச் செய்துவிடுங்கள், முந்தின நாள் வேண்டாம். புதிதாகப் போட்ட ஹோஸின் கிளிப் தளர்வதும், புதுப் பாகமே பழுதாக இருப்பதும் முதல் சில நூறு கி.மீ.யில்தான் தெரியும். எல்லாம் முடிந்தபின் ஒரு விடுமுறை நாளில் தனியாக 150 கி.மீ. ஓட்டிப் பாருங்கள், பாதி நெடுஞ்சாலை, முடிந்தால் கொஞ்சம் ஏற்றம். திரும்பி வந்து வண்டியை நிறுத்தும் இடத்தில் பெரிய அட்டையை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் அட்டையில் எந்தக் கறையும் இல்லாமல், கூலன்ட் அதே கோட்டில், ஆயில் அதே கோட்டில் இருந்தால், அந்தப் பயணத்துக்கு நான் என் வீட்டாரையே அந்தக் காரில் ஏற்றுவேன். கறை இருந்தால் அதன் நிறத்தையும், முன்சக்கரத்திலிருந்து எவ்வளவு தள்ளி விழுந்திருக்கிறது என்பதையும் எழுதுங்கள், எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.